விரிசலின் இரண்டு கரை

ஜூலை 9, புதன்

பழைய நோட்டு ஈரத்தில் ஊறி எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது. இது புது நோட்டு. விதிகளை மறுபடி எழுதி வைக்கிறேன்.

தொழிலாளர் வீட்டு வரிசையான மூன்றாம் லயனுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அறுபது தப்படி நீளத்துக்கு ஒரு விரிசல். போன வருஷ மழையில் வாய் திறந்தது. அதன் இரண்டு கரையிலும் எதிரெதிராக நான்கு ஜோடி முளை. பிப்ரவரியில் வந்த மண்ணியல் அதிகாரி தமயந்தி மேடம் அடித்துக் கொடுத்தார். காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுத வேண்டும். ஒரே நாளில் எந்த ஜோடியாவது இருபது மில்லிமீட்டருக்கு மேல் விலகினால், லயன்களில் இருக்கும் எல்லோரையும் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வாய் திறக்கக் கூடாது.

கடைசி வரி மேடம் சொன்னதல்ல. நான் சேர்த்தது.

"பயத்தை எழுதாதீங்க சிஸ்டர், மில்லிமீட்டரை எழுதுங்க" என்று மட்டும்தான் அவர் சொன்னார்.

இன்று, நேற்றைவிட ஒவ்வொரு ஜோடியும் விலகிய மில்லிமீட்டர் 2, 1, 2, 0. தூறல். டிஸ்பென்சரிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். ஏழு காய்ச்சல், மூன்று அட்டைக்கடி, செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்ட விரல் ஒன்று. தையல் மூன்று. இறங்கும்போது கோயிலுக்குப் பின்னால், வழக்கம்போல, கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 10, வியாழன்

1, 1, 2, 1. இருமல் மருந்து தீர்ந்தது.

ஜூலை 12, சனி

இரண்டாவது ஜோடியும் நான்காவது ஜோடியும் இல்லை. மண்ணில் ஓட்டைதான் இருக்கிறது.

சிவனு மேஸ்திரியிடம் கேட்டேன். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் எல்லோருக்கும் அவர்தான் மேற்பார்வை. பிறந்த குழந்தைவரை அத்தனை பேர் பெயரும் அவருக்கு மனப்பாடம்.

"எவனாச்சும் ஆடு கட்டப் புடுங்கியிருப்பான். கோவிச்சுக்காதீங்க சிஸ்டர்" என்றார். பீடியைப் பற்றவைத்துவிட்டு, "அத விட்டுத் தொலைங்களேன். போன வருசம் பட்டதே போதாதா?" என்றார்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய கட்டிலைக் கழற்றி நான்கு கம்பி எடுத்துப்போய் அடித்தேன். புது ஜோடிகள் பழைய கணக்கோடு சேராது. ஐந்து மாதக் கணக்கு அந்த இரண்டுக்கும் வீண். இன்றைய எண்ணை முதல் எண்ணாக எழுதிக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

2, 2, 3, 1. டவுனுக்கு ஜீப் போகவில்லை, ஆராதனைக்குப் போக முடியவில்லை. அறையில் உட்கார்ந்து நானே ஒரு சங்கீதம் வாசித்தேன். 'பூமி நிலைமாறினாலும்' என்று வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

டிஸ்பென்சரிக் கதவு சாத்த வரவில்லை. ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் அளக்கும்போது டேப் அறுந்தது. துரு. இனி டவுனிலிருந்துதான் வாங்கி வர வேண்டும், பஸ் இல்லை. பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு எடுக்கும் துணி டேப் ஒன்று இருக்கிறது. நீளம் போதாது. முளைகளைக் கரைக்குக் கரை நெருக்கி அடித்து, அதையே வைத்து அளந்தேன். மறுபடி முதல் எண்.

மழை கனத்துவிட்டது.

மத்தியானம் தடுப்பூசிக்கு வந்த குழந்தைகளை எடை போட்டேன். தட்டில் குழந்தை இல்லாதபோதே முள் நாற்பது கிராம் காட்டியது. மேசை ஆடுகிறதோ என்று காலுக்கு அட்டை வைத்துப் பார்த்தேன். மேசை ஆடவில்லை. பிறகுதான் சலைன் பாட்டிலைக் கவனித்தேன். ஸ்டாண்டிலிருந்து நேராகத்தான் தொங்குகிறது. ஆனால் அதன் மேல்முனைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி, கீழ்முனைக்கும் சுவருக்கும் இடையில் மூன்று விரல். தொங்கும் பாட்டில் பொய் சொல்லாது.

முள்ளைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எல்லாக் குழந்தைகளையும் எடை போட்டு முடித்தேன். எல்லாம் நல்ல எடை.

ஜூலை 17, வியாழன்

மேலே போகும் பாதை இல்லை. நேற்று மாலைவரை இருந்தது. தேயிலைச் செடிகள் இரண்டு வரிசை அப்படியே கீழே வழிந்து, செம்மண் வாய் பிளந்து நிற்கிறது. காட்டோரமாகச் சுற்றிப் போனேன், ஐம்பது நிமிஷம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை இனி முடியாது. காலையில் ஒரு தடவை, தவறாமல்.

திரும்பும்போது வழுக்கி விழுந்தேன். இடது முட்டி. எழுந்திருக்க முடியாமல் செடிக்குள் உட்கார்ந்திருந்தேன். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. தூக்கி நிறுத்தியபிறகுதான் முகம் தெரிந்தது. கொழுந்து எடுக்கும் யோகராணி.

போன ஆகஸ்டிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த டேப்பை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

4, 4, 5, 3.

ஜூலை 18, வெள்ளி

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் யோகராணி சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் நிற்கிறாள். "டேப்போட ஒரு மொனைய நான் புடிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். முளைக்கு முளை அவள் பிடித்தாள், நான் படித்தேன். நான் எண்ணைச் சொல்லும்போது அவளும் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்க்கிறாள்.

5, 6, 8, 5.

முட்டி வீங்கியிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

9, 8, 11, 7. போன் டவர் போய்விட்டது. தமயந்தி மேடத்தைக் கூப்பிட வழியில்லை.

மூன்றாம் லயனில் துணி காயப்போடும் கம்பி காலையிலிருந்து பாடுகிறது. அப்படித்தான் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தேன். இந்த முனை வீட்டுச் சுவரில், அந்த முனை சில்வர் ஓக் மரத்தில். எப்போதும் துணிப் பாரத்தில் தொய்ந்து கிடக்கும் கம்பி. இன்று துணியே இல்லை. வீணைத் தந்தியாய் விறைத்து நிற்கிறது. காற்றுப் பட்டால் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதி. பிள்ளைகள் காதை வைத்துக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தது.

"பழைய கம்பி" என்றார் மேஸ்திரி.

கைக்குழந்தைகள் எத்தனை என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு. கம்பளித் துண்டு, பிளாஸ்டிக் ஷீட், வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்தேன். அலமாரி சுத்தம் செய்கிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

14, 12, 17, 11.

பதினேழு. இருபது இல்லை.

ரோட்டில் மூன்று இடத்தில் மண் சரிந்துவிட்டது. மேனேஜர் சார் வெள்ளியன்றே ஊட்டிக்குப் போனவர், வர முடியாது. இனி இங்கே பொறுப்பு மேஸ்திரிதான்.

இறங்கும்போது கோயிலுக்குப் பின்னால் நிற்காமல் நடந்தேன், யோகராணி கூட இருந்ததால். அவள்தான் நின்றாள்.

"தெனம் எம்புள்ள குழிகிட்ட வந்து நிக்கிறீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

போன ஆகஸ்டில் இந்த விரிசலைப் பார்த்துவிட்டு, அளவும் இல்லாமல் யாரையும் கேட்காமல், மலை வருகிறது என்று கத்தி எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டியது நான். மூன்று நாள் ஈரத் தரையில் படுத்தார்கள். மலை வரவில்லை. யோகராணியின் பிள்ளைக்கு ஐம்பத்து நான்கு நாள். நெஞ்சில் சளி கட்டியது. ரோடு இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. என்னிடம் இருந்த மருந்து போதவில்லை.

இதை இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

"நாளைக்கும் ஆறரைக்குத்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

0, 0, 0, 0.

மூன்று தடவை அளந்தோம். யோகராணி முனையை மாற்றிப் பிடித்தும் அளந்தோம். நேற்று பதினேழு ஓடிய மூன்றாவது ஜோடி நேற்று விட்ட இடத்திலேயே நிற்கிறது. மழை மட்டும் நிற்கவில்லை.

கீழே வந்து மேஸ்திரியிடம் சொன்னேன். சிரித்தார். "பார்த்தீங்களா, மலை ஒறங்கிருச்சி. நீங்களும் போய் ஒறங்குங்க, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

மத்தியானம் தூங்கப் போனேன். கட்டிலில் படுத்ததும் ரத்தம் தலைப் பக்கம் இறங்குவது தெரிந்தது. தலையணையைக் கால் பக்கம் போட்டு, திரும்பிப் படுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

0, 0, 0, 0.

லயன்களில் எல்லோருக்கும் சந்தோஷம். யாரோ பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். வாங்கிக்கொண்டேன், சாப்பிட முடியவில்லை.

இரண்டு விஷயம். அளவு இல்லாதவை. எழுதக் கூடாதுதான், எழுதுகிறேன்.

ஒன்று: குருவிச் சத்தம் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு: டிஸ்பென்சரி ஜன்னலின் நடுக் கம்பி, கோயில் கலசம், காட்டுக்கு மேலே உயரத்தில் நிற்கும் ஒற்றை மரம், மூன்றும் ஒரே கோட்டில் தெரியும். பதினோரு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். இன்று மரம் கலசத்துக்கு இடது பக்கம், ஒரு கை அகலம் தள்ளி நிற்கிறது.

ஜூலை 23, புதன்

காலை ஏழரை. 0, 0, 0, 0. ஓடையில் தண்ணீர் நின்றுவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 24, வியாழன்

தேயிலைப் பாக்டரியில் இருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

நேற்றுக் காலை நான்கு பூஜ்யத்தையும் எழுதிவிட்டு இறங்கத் திரும்பினோம். யோகராணி வரவில்லை. காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டர், அந்த மரம் தள்ளி நிக்கிதுன்னு நேத்து சொன்னீங்களே. போய்ப் பார்த்துட்டு வந்துருவோமா?"

முட்டி தாங்காது என்றேன். தோளைக் கொடுத்தாள். காட்டுக்குள் இருநூறு தப்படி ஏறியிருப்போம். தரையில் சருகு மெத்தை. யோகராணி தன் கைக்கம்பால் தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கம்பு சத்தமில்லாமல் உள்ளே போனது. முழுக் கம்பும் போனது. சருகை விலக்கினோம். ஆள் இறங்கும் அகலத்துக்கு ஒரு பிளவு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூடுபனி மறைக்கும்வரை போகிறது. மரங்களின் வேர்கள் அதன் குறுக்கே இழுபட்டு, சில அறுந்து, அறுந்த இடம் வெள்ளையாக இருந்தது. குனிந்து கேட்டேன். அடியில் எங்கோ திருகைக்கல் சுற்றுவதுபோல ஒரு சத்தம். மெதுவாக, இடைவிடாமல்.

அப்போதுதான் பூஜ்யம் எனக்குப் புரிந்தது. நாங்கள் அளந்துகொண்டிருந்த விரிசலின் இரண்டு கரையும் சேர்ந்தே நடந்துகொண்டிருக்கின்றன. முளைகள், தேயிலை, கோயில், லயன், டிஸ்பென்சரி, என் கட்டில், எல்லாம் ஒன்றாக. பக்கத்து ஆளும் நம்மோடு நடந்தால் நடுவில் தூரம் கூடாது. மலை தூங்கவில்லை. பிரிந்துவிட்டது.

இறங்கும் வழியில் இன்னொன்று. காதில் எதுவோ குறைந்தது. யோகராணிதான் சொன்னாள், "ஓடச் சத்தம் எங்க?"

கொட்டும் மழையில் ஓடை வற்றிக் கிடந்தது. கல்லெல்லாம் கறுப்பாய்ப் பளபளக்கிறது, தண்ணீர் இல்லை. அப்படியானால் தண்ணீர் மேலே எங்கோ தேங்கி நிற்கிறது. அது உடைந்தால் ஓடையோடு வரும். ஓடைக்கரையில்தான் பள்ளிக்கூடம்.

விதிப்படி இருபது மில்லிமீட்டர் வரவில்லை. விதிப்படி போக வேண்டிய இடம் பள்ளிக்கூடம். இரண்டையும் விட்டாக வேண்டும். அளக்க வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. அளந்ததால்தான் அந்த இடத்தில் நின்றேன். ஆனால் நோட்டில் எழுதியிருப்பது நேற்றைய மலைக்கு எழுதியது.

போக வேறு ஒரே இடம் பாக்டரி. மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், கரும்பாறை மேல் கட்டியது. பள்ளிக்கூடம் பத்து நிமிஷ இறக்கம். பாக்டரி இரண்டு மணி நேர ஏற்றம், கிழவர்களோடும் குழந்தைகளோடும், மழையில்.

பத்தரைக்குப் பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த மைதானத்தில், மணி அடித்தேன். எல்லோரும் வந்தார்கள். சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அளவு என்னா சிஸ்டர் இன்னைக்கு?"

"பூஜ்யம்."

சிரித்துவிட்டார்கள். கோபமாகச் சிரித்தால்கூடப் பரவாயில்லை, பாவப்பட்டுச் சிரித்தார்கள்.

யோகராணி முன்னால் வந்து நின்றாள். சத்தமாகப் பேசத் தெரியாதவள்.

"போன வருசம் இவங்க பேச்ச கேட்டுப் போனதுல செத்தது எம்புள்ள. உங்க வீட்டுல ஒண்ணும் சாகல. இன்னைக்கு நான் போறேன். வர்றவுங்க வாங்க."

கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு முகட்டுப் பாதையில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். பிறகு ஒரு குடும்பம். பிறகு நிறையப் பேர்.

மேஸ்திரி போகவில்லை. "சர்க்கார் சொன்ன எடம் பள்ளிக்கூடம். கெழடுகட்டைகள மலையேத்திக் கொல்லச் சொல்றீங்களா?" என்று ஏழு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். மூட்டையை யோகராணியின் புருஷனிடம் கொடுத்து, கைக்குழந்தைகளின் நெஞ்சு நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் கீழே இறங்கினேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒரே கும்மாளம். பிள்ளைகள் ஓடைக்குள் இறங்கி மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் போய்விட்டதால் கல்லுக்கு நடுவில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. நண்டுகள் ஓடையைவிட்டுக் கரையேறி, வரிசையாக, பள்ளிக்கூடப் படியில் போய்க்கொண்டிருந்தன. பெரியவர்கள் தாழ்வாரத்தில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பிள்ளைகள் பயந்து மேலேறினார்கள். ஒரு பெண் பிள்ளை வாளியைக் கொண்டுவந்து மேஸ்திரியிடம் பெருமையாகக் காட்டினாள். பாதி வாளி மீன். மேஸ்திரி வாளியைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி முகத்தில் மழையை வாங்கிக்கொண்டார்.

"இம்புட்டு மழையில ஓட காஞ்சு நான் பார்த்ததில்ல" என்றார், தனக்குத்தானே. பிறகு என்னிடம், "எந்தப் பாத சிஸ்டர்?"

நடக்க முடியாத இரண்டு கிழவிகளைக் கொழுந்துச் சாக்கில் உட்காரவைத்து ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். மேஸ்திரியும் சுமந்தார். வழியெல்லாம் ஒவ்வொருவர் பெயராய்க் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மூடுபனியில் பின்தங்கியவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். ஒன்றரைக்குப் பாக்டரி சேர்ந்தோம். கைக்குழந்தைகள் இரண்டும் சூடாக இருந்தன, காய்ச்சல் இல்லை.

எண்ணிக்கை எடுத்தோம். மேஸ்திரி கணக்கில் என்னையும் சேர்த்து நூற்று அறுபத்து மூன்று. வந்தது நூற்று அறுபத்தொன்று. பாக்டரியில் எல்லா இடமும் பார்த்தாயிற்று. கொழுந்து வாட்டும் மாடியில் யாரும் இல்லை என்று சொன்னார்கள். எனக்கு முட்டி மடங்கவே இல்லை. யார் இல்லை என்று பார்த்தால், கடைசி வீட்டுக் கறுப்பையாவும் அவர் மனைவியும். இருவருக்கும் காது கேட்காது.

"மணி அடிச்சது தெரிஞ்சிருக்காது. நான் ஒரு எட்டுப் போயிக் கூட்டியாந்துர்றேன்" என்றார் மேஸ்திரி. இறக்கம்தான், முக்கால் மணி நேரம் என்றார். போனார்.

இரண்டு ஐம்பதுக்கு வந்தது. முதலில் சத்தம் இல்லை. மூடுபனி ஒரு நிமிஷம் விலகியது. முகட்டில் நின்றவர்கள் பார்த்தார்கள். காடு நின்றபடியே நடந்தது. மரங்கள் சாயாமல், நிமிர்ந்து, கூட்டமாய்க் கீழே போயின. கோயிலும் கொஞ்ச தூரம் அப்படியே நின்றபடி போனது. பிறகுதான் சத்தம். பிறகு ஓடை வழியாகத் தண்ணீர், கறுப்பாக, பாறைகளோடு. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் இல்லை. லயன்கள் மூன்றும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த மேடும் இல்லை. யோகராணி அந்த ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

நாலு மணிக்குக் கறுப்பையாவும் அவர் மனைவியும் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். சூட்டுக்கு அங்கே படுத்துத் தூங்கிவிட்டார்களாம். ஏன் எல்லோரும் தங்களையே பார்க்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

மீட்புக்காரர்கள் வந்தார்கள். மேஸ்திரி கிடைக்கவில்லை.

நாற்பத்தொரு பேருக்குக் காய்ச்சல், சளி. கைக்குழந்தைகளை மணிக்கொரு தடவை மூச்சு எண்ணுகிறேன்.

ஜூலை 26, சனி

டவுனிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். போன் வந்துவிட்டது. தமயந்தி மேடம் அழைத்தார். பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்த முளைகளை இன்னும் மேல அடிச்சிருக்கணும். தப்பு என்மேல" என்றார்.

மேஸ்திரி ஏன் திரும்பிப் போனார் என்று அதிகாரி கேட்டார். எண்ணிக்கையில் இரண்டு பேர் குறைந்தார்கள் என்றேன். "யார் எண்ணினது?"

நான் வாய் திறப்பதற்குள் நாலைந்து குரல். "மேஸ்திரியேதாங்க எண்ணுனாரு." "அவருக்குத்தான் எல்லாரையும் தெரியும்." யோகராணியின் புருஷனும் அதையே சொன்னார். மேஸ்திரியின் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவரும் தலையை ஆட்டினார்.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஜீப் வந்தது. போகவில்லை.

ஜூலை 28, திங்கள்

எண்ணியது நான்.

மாடியில் யாரும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. படிக்கட்டு வரை போனேன். இருபத்திரண்டு படி. முட்டியைப் பார்த்தேன். இவ்வளவு ஏறி வந்தவர்கள் இன்னும் ஏறவா போகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். நூற்று அறுபத்தொன்று என்று நான்தான் சொன்னேன். நான் சொன்ன எண்ணை மேஸ்திரி சந்தேகப்படவில்லை. அன்று காலை பூஜ்யத்தை நம்பாதே என்று அத்தனை பேரிடமும் கத்தியவள் நான். மத்தியானம் என் எண்ணை நானே ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் மேஸ்திரியின் மனைவியிடம் போய் இதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "எனக்குத் தெரியும் சிஸ்டர். அன்னைக்கு நான் படிக்கட்டுக்குப் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். போங்கள் என்று சொல்லவில்லை. நானாக எழுந்து வந்தேன். அதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாக்டரிக்குப் பின்னால் உள்ள சரிவில் நாளை முதல் அளக்கச் சொல்லியிருக்கிறார் தமயந்தி மேடம். முளைகளை இந்தத் தடவை பாறையில் அடிக்கிறார்கள், நகராத இடத்தில். யோகராணியும் வருகிறாள். அவளுக்குத் தனி நோட்டு கொடுத்திருக்கிறேன். இருவரும் தனித்தனியாக அளப்பது, தனித்தனியாக எழுதுவது, பிறகுதான் காட்டிக்கொள்வது.

சாயங்காலம் ஆட்களையும் அப்படியே எண்ணிப் பார்த்தோம். நான் கீழிருந்து மேலே போனேன், அவள் மேலிருந்து கீழே வந்தாள். மாடியில் ஒவ்வொரு மூலையாகப் போனேன். தூங்கும் குழந்தைகளைப் போர்வை விலக்கிப் பார்த்தேன். படிக்கட்டின் நடுவில் இருவரும் சந்தித்து நோட்டைத் திருப்பிக் காட்டினோம்.

இருவருக்கும் நூற்று அறுபத்திரண்டு. மேஸ்திரியின் நூற்று அறுபத்து மூன்றில் ஒன்று குறைவு.

யோகராணி தன் நோட்டில் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சரியா வந்திருச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

சரியாக வந்துவிட்டது என்றேன்.